ஒன்றரைச் சுற்று

மூன்றுவரி என்று நம் படையில் சொல்கிற அந்தத் துப்பாக்கியைக் குறை சொல்லி எழுதிவிடாதீர்கள், தோழரே. அது நல்ல துப்பாக்கி. பனியில் கிடந்தாலும் சேற்றில் கிடந்தாலும் எடுத்து உதறிவிட்டுச் சுடலாம். நடந்தது எதிலும் அதற்குப் பங்கில்லை.

மூன்று நாளாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். யார் சொல்லிச் செய்தாய், எல்லைக்கு அந்தப் பக்கம் யாரைத் தெரியும் என்று. எனக்கு யாரையும் தெரியாது. ஜெர்மன்காரன் ஒருவனை நான் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. நானே யோசித்து நானே செய்தேன். வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் இமான்குல். ஊர் அத்பாஷிப் பள்ளத்தாக்கு. வயது ஐம்பத்திரண்டு. இளவயதில் மலையாட்டைத் துரத்திக்கொண்டு போய்ப் பாறையிலிருந்து விழுந்ததில் இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. வேட்டைக்கு லாயக்கில்லாமல் போனவனுக்கு நாரின் கோட்டை ஆயுதக் கொட்டடியில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது. பிறகு ஜார் போனான், கொடி மாறியது, அதிகாரிகள் மாறினார்கள். துப்பாக்கி மட்டும் அதேதான். இருபத்தெட்டு வருஷமாக அதைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

யுத்தம் வந்ததும் எங்கள் பக்கத்துப் பதினேழு வயதுப் பையன்களுக்கு ஆற்றங்கரையில் பயிற்சி வைத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் சார்ஜன்ட் கொவ்துன். ஒரு கையைப் போர்முனையில் விட்டுவிட்டு வந்தவர். முப்பது துப்பாக்கிகள் இருந்தன, பாதி ஜார் காலத்தவை. அவற்றைப் பழுது பார்க்க என்னை நாரினிலிருந்து ஊருக்கு அனுப்பி, பயிற்சி இடத்திலேயே ஒரு கொட்டடி கொடுத்தார்கள்.

அந்தத் துப்பாக்கிக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. அதன் முனையில் நீளமாக ஓர் ஈட்டி மாட்டியிருக்கும். கனமாக இருக்கிறதென்று பையன்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சுடுவார்கள், குறி ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகும், துப்பாக்கியைத் திட்டுவார்கள். "ஈட்டியை மாட்டி வச்சு குறி பாத்த துப்பாக்கிடா இது. அதைக் கழட்டினா கோவிச்சுக்கும்" என்பேன். சுடாமல் நிறுத்தி வைக்க மற்றத் துப்பாக்கிகளில் சின்னதாய் ஒரு தாழ் இருக்கும். இதில் இல்லை. பின்னால் இருக்கும் குமிழை முழுப்பலத்தோடு இழுத்துத் திருக வேண்டும். குளிரில் விறைத்த விரலுக்கு அது ஆகாத காரியம்.

உங்களுக்குத் தெரியவேண்டியது ஊசியைப் பற்றி. விசையை இழுத்ததும் உள்ளிருந்து ஓர் ஊசி பாய்ந்து தோட்டாவின் அடியில் இருக்கும் செப்புப் பொட்டை இடிக்கிறது, மருந்து பற்றிக்கொள்கிறது. பொட்டு பள்ளமாக வேண்டும், ஓட்டையாகக் கூடாது. ஓட்டை விழுந்தால் நெருப்பு முன்னால் போவதோடு நிற்காமல் பின்னாலும் வரும். பின்னால் இருப்பது சுடுகிறவனுடைய வலது கண். இந்த ஊசி ஒரே துண்டு அல்ல. பின்குமிழில் மரை போட்டுத் திருகியிருக்கும். உள்ளே திருகினால் முனை குட்டை, வெளியே திருகினால் நீளம். அளவு பார்க்கத் துப்பாக்கியோடு தருகிற தட்டைத் திருப்புளியிலேயே இரண்டு வெட்டு இருக்கும். ஒரு வெட்டில் ஊசி தொட வேண்டும், மற்றதில் தொடக்கூடாது. இப்படி அளவைக் கடைநிலைச் சிப்பாயின் கையிலேயே கொடுத்து அனுப்பிய துப்பாக்கி வேறெதுவும் நான் பார்த்ததில்லை.

இனி என் வீட்டைப் பற்றி.

எனக்கு மூன்று பையன்கள். மூத்தவன் ஒரோசலி. அவனுக்குப் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் அடுத்தவனுக்குத் தொக்தோசுன் என்று பெயர் வைத்தோம், 'தங்கட்டும்' என்று அர்த்தம். கடைசிப் பையன் கெங்கெஷ். நாற்பத்தொன்று நவம்பரில் ஒரோசலிக்குக் கறுப்புக் காகிதம் வந்தது. சாவுச் செய்தியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். என் மனைவி உர்குயா சுவரைப் பார்த்து உட்கார்ந்து மூன்று நாள் ஒப்பாரி பாடினாள். ஊரே வந்தது. அடுத்த ஆகஸ்டில் தொக்தோசுனுக்கு வந்தது. தபால் கொண்டுவந்த பெண் குதிரையை விட்டு இறங்கவில்லை, காகிதத்தை நீட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். இந்தத் தடவை உர்குயா பாடவில்லை. தேநீர் போட்டாள், பால் விட்டாள், உப்புப் போட்டாள், கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள்.

"மூணாவது காகிதம் வர்ற அன்னைக்கு நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்றாள். "நீங்களே வாங்கிப் படிச்சுக்குங்க."

கெங்கெஷுக்கு அடுத்த ஏப்ரலில் பதினெட்டு முடிகிறது. என்னிடம் எட்டு மாசம் இருந்தது.

யோசிக்காத வழியில்லை. அவனை மலைக்கு அனுப்பி ஒளித்து வைக்கலாம், ஆனால் ஓடிப்போனவனைச் சுடுகிறீர்கள். காலை உடைக்கலாம், ஆனால் எலும்பு கூடிவிடும். விரலை வெட்டினால் தானே வெட்டிக்கொண்டான் என்று அதற்கும் சுடுகிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அவன் போக விரும்பினான். "அண்ணனுங்க நின்ன எடத்துல நான் நிக்கணும் அத்தா. நீங்க என்ன, நொண்டிக் குதிரைக்குத் துணையா என்னையும் கட்டி வைக்கப் பாக்குறீங்களா?" என்று சிரிப்பான். என் காலைக் கேலி செய்ய வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் உரிமை.

அக்டோபரில் ஒரு பழைய துப்பாக்கியில் ஊசி தானாகவே கொஞ்சம் தளர்ந்து, சுட்ட பையனின் புருவத்தில் கரி அடித்தது. கண்ணைக் கழுவிவிட்ட மருத்துவப் பெண் என் எதிரிலேயே சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் கீழ பட்டிருந்தா வலது கண்ணு போயிருக்கும். அப்புறம் இவனை எந்தப் படையில எடுப்பாங்க?"

அவள் மேல் தவறில்லை. அவள் பெயரை எழுதாதீர்கள். அவள் சொன்னதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனவன் நான்.

அப்படி ஒரு கண் போனால் யாரும் எதையும் வெட்டிக்கொள்ளவில்லை, யாரும் ஓடவில்லை. பழைய துப்பாக்கி, கெட்ட தோட்டா, பையனின் கெட்ட நேரம். அவ்வளவுதான். ஆனால் எதையும் அளக்காமல் செய்வது என் வழக்கமில்லை. எவ்வளவு திருகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. என் பிள்ளையின் முகத்தில் அதைத் தெரிந்துகொள்ள முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஊசியை அரைச் சுற்று வெளியே திருகி வைத்தேன். சாதிர் என்ற பையனிடம் அந்தத் துப்பாக்கி போயிற்று. சுட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தான். "இமான்குல் ஆகே, உங்க துப்பாக்கிக்கு ஜலதோஷம் போல. என் மூஞ்சிலயே தும்முது" என்றான். பெரியவர்களை எங்கள் பிள்ளைகள் ஆகே என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அரைச் சுற்று போதாது என்று தெரிந்தது.

பிறகு ஒன்றரைச் சுற்று. அது பாத்மா என்ற விதவையின் ஒரே மகன் ஜுமாஷிடம் போயிற்று. வலது கண் போனது. கன்னத்தில் கொஞ்சம் தீக்காயம், மற்றபடி முகம் முகமாகவே இருந்தது. மூன்று வாரத்தில் எழுந்து நடந்தான். மருத்துவக் குழு அவனுக்கு விலக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது.

நீங்கள் விரலை மடக்கி எண்ணுகிறீர்கள். ஆம், நடுவில் ஒரு பெயர் விட்டுப்போயிற்று. நான் மறைக்கவில்லை, வரிசை தவறிவிட்டது. அரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் இரண்டு சுற்று வைத்துப் பார்த்தேன். அப்திராய். கூட்டுப்பண்ணைக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் மகன். இரண்டு சுற்றில் மரை பிடிக்கவில்லை, குமிழே கழன்று பின்னால் வந்துவிட்டது. இரண்டாம் நாள் இறந்தான். சார்ஜன்ட் கொவ்துன் தோட்டாப் பெட்டியைக் காலால் உதைத்தார். "ஈரத் தோட்டாவை அனுப்பி எம் பசங்களைக் கொல்றாங்க" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அடக்கத்துக்குப் போனேன். பஞ்சத்திலும் ஓர் ஆடு அறுத்திருந்தார்கள். அவன் அப்பா என் தட்டில் தன் கையால் இறைச்சி எடுத்து வைத்தார். சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்தால் அவருக்கு அவமரியாதை.

அப்திராய் இல்லாவிட்டால் ஒன்றரை என்று எனக்குத் தெரிந்திருக்காது. அதை நான் மறக்கவில்லை.

ஜுமாஷின் அம்மா பாத்மா ஒரு நாள் கொட்டடிக்கு வந்தாள். துணியில் முடிந்து கொஞ்சம் காய்ந்த தயிர் உருண்டை கொண்டுவந்திருந்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தேன்.

"உங்க மேல யாரும் பழி சொல்லிடக் கூடாதுன்னு வந்தேன் ஆகே. நீங்க என்ன பண்ணுவீங்க, பழைய துப்பாக்கி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வெளிய சொல்லிடாதீங்க. கண்ணு போச்சுன்னு அழுதேன். ஆனா புள்ள வீட்டுல இருக்கான். காலையில எழுந்து பாத்தா படுத்திருக்கான். அது போதும் எனக்கு."

அந்தத் தயிர் உருண்டைகளை வாயில் போட்டுக்கொண்டு அன்று முழுவதும் வேலை செய்தேன். ஒரு தாய் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். நாசவேலை என்கிறீர்களே, நாசவேலைக்காரனுக்கு யாராவது தயிர் கொண்டுவந்து கொடுப்பார்களா?

கெங்கெஷின் முறை மார்ச் மாசம் வந்தது. பனி உருகிக்கொண்டிருந்தது, நல்ல வெயில். துப்பாக்கியை நானே அவன் கையில் கொடுத்தேன். அவன் எங்கள் பயிற்சியில் முதல் தரமாகச் சுடுகிறவன். கன்னத்தைக் கட்டையில் லேசாகத்தான் வைப்பான், அது அவன் பழக்கம்.

"நல்லா ஒட்டி வை. அப்பத்தான் குறி நிக்கும்" என்றேன்.

"சரி அத்தா" என்று ஒட்டி வைத்துக்கொண்டான்.

ஒன்றரைச் சுற்று சரியாக இருந்தது.

அவன் கத்தினான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாரும் கத்துவார்கள். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவன் தலையை மடியில் வைத்து மற்றக் கண்ணைத்தான் முதலில் திறந்து பார்த்தேன். இடது கண் என்னைப் பார்த்தது. அப்போது எனக்கு வந்த நிம்மதியை இந்தக் காகிதத்தில் எழுத முடியாது. "அத்தா, எனக்கு என்ன ஆச்சு, நான் ஏதாவது தப்பாப் புடிச்சுட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "இல்லப்பா, நீ சரியாத்தான் புடிச்ச" என்றேன். அது உண்மை.

விலக்குச் சீட்டு வந்த நாளில் உர்குயா பால் கறந்துகொண்டே ஏதோ முணுமுணுத்தாள். மூத்தவனுக்குப் பாடிய ஒப்பாரிக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பாட்டு. எனக்கு அது போதுமாக இருந்தது. அங்கேயே நின்றிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும்.

கண் ஆறியதும் அவனுக்கு என்னோடு கொட்டடியில் வேலை போட்டார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஜுமாஷ் சுட்ட துப்பாக்கியின், ஊசி அடங்கிய பூட்டும் கெங்கெஷ் சுட்டதின் பூட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றி மேசைக்கு அடியில் கிடந்தன. நல்ல இரும்பு, எறிய மனம் வரவில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பகலில் நான் வெளியே போய்த் திரும்பி வரும்போது அவன் இரண்டையும் மேசைமேல் வைத்துத் திருப்புளியின் வெட்டை ஊசியில் மாட்டி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவன் ஆதலால் தலையைச் சாய்த்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான்.

"அத்தா, இது ரெண்டும் ஒரே மாதிரி நீட்டிக்கிட்டிருக்கு."

"இருக்கும்."

"தானா கழண்டிருந்தா ஒண்ணு கூட, ஒண்ணு கொறைச்சலா இருக்கும். இது மயிரிழை பிசகாம ஒண்ணா இருக்கு. யாரோ அளந்து வச்ச மாதிரி." மேசைக்கு அடியில் குனிந்து தேடினான். "அப்திராயோடது எங்க?"

"நாரினுக்கு அனுப்பிட்டேன்."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். முட்டாள் பிள்ளை இல்லை அவன். நானும் பொய் சொல்லிப் பழகியவனில்லை.

"உனக்காகத்தான்டா செஞ்சேன்" என்றேன்.

"ஜுமாஷ் கண்ணும் எனக்காகவா?"

"ஆமா."

"அப்திராய்?"

"அவனும்தான். அளவு தெரியாம உன் கையில குடுக்க முடியுமா?"

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் உங்களைக் கேலி பண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றான் கடைசியில். "நொண்டிக் குதிரைன்னு. உங்களைப் பாத்து எனக்கு ஒரு நாளும் பயமே வந்ததில்ல அத்தா."

அதன்பின் அவன் என்னோடு பேசவில்லை. அப்திராய் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் அவர்களுடைய குளிர்காலப் புல்லை அறுத்துப் போர் போட்டுக் கொடுத்தான். ஏன் என்று அந்த மனிதர் கேட்டதற்குச் சும்மா வந்தேன் என்றானாம். அங்கிருந்து நேரே படை அலுவலகத்துக்குப் போனான். அந்தச் சமயம் ஆள் கிடைக்காமல் தவித்தீர்கள். குதிரை வண்டி ஓட்ட ஒரு கண் போதும் என்று எடுத்துக்கொண்டீர்கள். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். சீட்டை நான் இரண்டு தடவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "பையனே வர்றேன்கிறான், நீ ஏன் தடுக்குற பெரியவரே" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் தடவை முட்டிபோட்டேன். முழங்கால் மடங்காது என்பதால் ஒரு காலில்தான் முடிந்தது. என்னைத் தூக்கிவிட்டவன் கெங்கெஷ்தான். தூக்கி நிறுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

புறப்படுகிற நாளில் அவன் தன் அம்மாவைத் தனியே கூட்டிப் போய்ப் பேசினான். என்ன பேசினான் என்று அப்போது தெரியவில்லை. வண்டி என்னைத் தாண்டிப் போனது. நான் நின்றிருந்தது அவனுடைய வலது பக்கம். அந்தப் பக்கம் பார்வை கிடையாது, அதனால்தான் திரும்பவில்லை.

இந்த மார்ச்சில் மூன்றாவது காகிதம் வந்தது. கூடவே அவனோடு இருந்த ஒரு கசாக்குப் பையனின் கடிதமும் வந்தது. நல்ல மனசோடு எழுதியிருந்தான். எதிரிகள் வண்டிக்காரர்களைச் சுற்றி வளைத்தபோது கெங்கெஷ் இறந்தவன் ஒருவனுடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டானாம். வலது கண் இல்லாததால் இடது தோளில் வைத்துச் சுட்டானாம். அந்தத் துப்பாக்கியில் அடுத்த தோட்டாவை ஏற்ற இழுக்கிற கைப்பிடி வலது பக்கம் இருக்கிறது. இடது தோளில் வைத்திருப்பவன் ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசையிலிருந்து இடது கையை எடுத்து மேலாகப் போட்டு இழுக்க வேண்டும், அதற்குத் தலையைத் தூக்க வேண்டும். நாலு தடவை தூக்கினான், அஞ்சாவது தடவை பட்டுவிட்டது என்று எழுதியிருந்தான். துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள் என்று அதனால்தான் சொன்னேன். கைப்பிடியை எங்கேயாவது ஒரு பக்கம் வைத்துத்தானே ஆக வேண்டும்.

உர்குயா காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். அவள் சொன்னபடி சாகவில்லை. தலைத்துணியைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். முதலில் பாத்மா வீட்டுக்கும் பிறகு அப்திராய் வீட்டுக்கும் போனாளாம். அங்கிருந்து இருபது கல் நடந்து உங்களிடம் வந்தாள். அவள் சொன்னது எதுவும் பொய்யில்லை. அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அப்திராயின் சாவு என் கையால் வந்தது. ஜுமாஷின் கண்ணும் என் மகனின் கண்ணும் நான் எடுத்தவை. சாதிரின் மூக்கில் கரி அடித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் பிள்ளையைக் கொன்றவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவனை வீட்டில் வைத்துக்கொள்ள என்னை விட எவன் பாடுபட்டான்? நான் செய்த தவறு ஒன்றுதான், இங்கே மூன்று நாளாக உட்கார்ந்து யோசித்ததில் தெரிந்தது. அவன்மேல் இரக்கப்பட்டு ஒரு கண்ணோடு நிறுத்திவிட்டேன்.